சிறார் நூல்களும் படங்களும்: யாருடைய கருத்து எடுபடுகிறது?

ஒரு சிறார் நூலோ சிறார் திரைப்படமோ வெளியானால் கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பத்திரிகையில் மதிப்புரை வருகிறது. ஆசிரியர்கள் பரிந்துரைக்கிறார்கள். பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். விருதுக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. தணிக்கை வாரியம் எந்த வயதுக்கு உகந்தது என்று சான்றிதழ் தருகிறது. இத்தனையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு பெருங்குறை தெரியும். யாருக்காக அந்த நூல் எழுதப்பட்டதோ, யாருக்காக அந்தப் படம் எடுக்கப்பட்டதோ, அந்தப் பிள்ளைகளின் குரல் அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

பெரியவர்களுக்கான நாவலை வாங்குபவரும் படிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பிடிக்காவிட்டால் அடுத்த நூலை அவர் வாங்க மாட்டார். எழுத்தாளருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். சிறார் நூலில் எழுதுபவர், பதிப்பிப்பவர், வாங்குபவர், பரிசு கொடுப்பவர், பாராட்டுபவர் எல்லோரும் பெரியவர்கள். படிப்பவர் மட்டும் குழந்தை. அந்தக் குழந்தை பத்தாம் பக்கத்திலேயே நூலை மூடி வைத்துவிட்டாலும் விற்பனைக் கணக்கில் அது தெரியாது.

எனவே சிறார் படைப்புகள் குறித்த கருத்துகளை ஆராயும்போது, சொல்பவர் எதை அளந்து சொல்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழில் இக்கருத்துகள் பெரும்பாலும் நான்கு இடங்களிலிருந்து வருகின்றன: பெரியவர்களின் இளமை நினைவு, நீதி அல்லது பயன் பற்றிய எதிர்பார்ப்பு, விருது, தணிக்கைச் சான்றிதழ். இவை நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஐந்தாவதான பிள்ளைகளின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்யாதவரை நம் சிறார் இலக்கிய விமர்சனமும் சிறார் திரை விமர்சனமும் பாதிதான் என்பது என் முடிவு.

நினைவு தரும் தீர்ப்பு

சிறார் இலக்கியம் என்றதும் ஐம்பதைத் தாண்டிய தமிழ் வாசகர்கள் பலர் முதலில் சொல்லும் பெயர் அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த இதழ், பின்னர் பல இந்திய மொழிகளில் பரவி, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிள்ளைகளின் கையில் இருந்தது. 2020-ல் மறைந்த ஓவியர் ஷங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் தோளில் தொங்கும் வேதாளமும் ஒரு தலைமுறையின் கண்ணில் பதிந்த சித்திரம். "அதுபோல இப்போது ஏது?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் கருத்து.

இந்த ஏக்கத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் அந்த வாசகர்கள் உண்மையில் எதை விரும்பினார்கள் என்று ஆராய வேண்டும். அம்புலிமாமாவை நீதிக்கதை இதழ் என்று இன்று புகழ்கிறோம். வேதாளக் கதைகளின் கட்டமைப்போ வேறு. கதை முடிந்ததும் வேதாளம் ஒரு சிக்கலான கேள்வி கேட்கும்: இவர்களில் குற்றவாளி யார், தியாகி யார், அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள்? அரசன் பதில் சொல்வதற்கு முன் படிக்கிற பிள்ளை தன் மனத்தில் ஒரு பதிலைச் சொல்லிப் பார்க்கும். தன் பதிலும் அரசன் பதிலும் மோதும்போது கிடைப்பது விவாதத்தின் சுவை. அதே இதழ் இரண்டு புகைப்படங்களைப் போட்டு, பொருத்தமான வாசகம் எழுதி அனுப்பச் சொல்லிப் பரிசும் தந்தது. வாசகனை நீதிபதியாகவும் பங்காளியாகவும் நடத்தியதுதான் அந்த இதழின் வலிமை. பழைய வாசகர்கள் இதைச் சொல்வது அரிது. கதையின் ஒழுக்கப் பயனைத்தான் சொல்கிறார்கள்.

முத்து காமிக்ஸின் கதை இன்னும் பாடம் தருவது. சிவகாசியிலிருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அந்த வரிசையும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் எத்தனையோ வீடுகளில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படிக்கப்பட்டவை. "படிப்பைக் கெடுக்கும் குப்பை" என்று அன்றைய பெற்றோர் பலர் பறித்து வைத்தார்கள். அன்று அடி வாங்கிய சிறுவர்கள் இன்று நடுவயதில் அதே கதைகளின் மறுபதிப்புகளைத் தேடி வாங்குகிறார்கள். தங்களை வாசகராக்கியது அவைதான் என்கிறார்கள். ஒரே நூலைப் பற்றிப் பெரியவர்களின் தீர்ப்பு ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறிவிட்டது. மாறாமல் நின்றது பிள்ளைகளின் தீர்ப்பு மட்டும்.

அமெரிக்காவில் இது நாடளாவிய வழக்காகவே நடந்தது. 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று நூல் எழுதினார். செனட் துணைக்குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கடுமையான தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். பல நிறுவனங்கள் மூடப்பட்டன. வெர்தம் தன் ஆதாரங்களைத் திரித்தும் கூட்டியும் எழுதியிருந்ததை 2012-ல் ஆய்வாளர் கேரல் டில்லி வெளிக்கொண்டு வந்தார். அந்த நாளிலேயே எத்தனையோ சிறுவர்கள் தங்கள் இதழ்களுக்காக வாதாடிக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்கள் ஆவணக் கட்டுகளுக்குள் கிடந்தன. பெரியவர்களின் அச்சம் விதியாயிற்று.

நினைவுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தன் காலத்துப் பிழைகளைக் காணாது. வீரனுக்குப் பரிசாக அரசகுமாரியைக் கட்டிக் கொடுக்கும் முடிவுகளைப் பழைய வாசகர் இயல்பாகக் கடந்து போயிருப்பார். இன்று பத்து வயதுப் பெண் குழந்தை "அவளைக் கேட்டாங்களா?" என்று கேட்கலாம். அதுவும் ஒரு வாசகர் கருத்துதான், கூர்மையான கருத்தும்கூட.

நீதி, பயன், விழிப்புணர்வு

1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் சிறார் நூல் அரங்கின் முன்னால் சற்று நேரம் நின்றால் போதும். பிள்ளை ஒரு நூலை எடுத்து, யானை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் படத்திலேயே நின்றுவிடும். பக்கத்தைத் திருப்பாது. அம்மா அதை வாங்கிப் பின்னட்டையைப் படிப்பார். விற்பனையாளரிடம் "இதுல என்ன நீதி சொல்லியிருக்காங்க?" என்று கேட்பார். அப்பா, "இங்கிலீஷும் சேர்ந்து இருக்கிற மாதிரி இல்லையா?" என்பார். கடைசியில் பொது அறிவு நூல் ஒன்று பைக்குள் போகும். பிள்ளையின் கண் இன்னும் அந்த யானையின் மேலேயே இருக்கும்.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை. தமிழில் எழுத்தறிவே ஆத்திசூடியிலும் கொன்றை வேந்தனிலும் தொடங்கியது. எழுத்தும் ஒழுக்கமும் ஒரே மூச்சில் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் சிரிப்புக்கும் தமிழ்ப் பாடலில் இடம் பெற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் அழ. வள்ளியப்பா. வங்கியில் பணியாற்றியபடியே வாழ்நாள் முழுவதும் குழந்தைகளுக்காக எழுதினார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அவருடைய பாடல்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது தாளத்துக்காக. பெரியவர்கள் அவற்றைப் பாடநூலில் சேர்த்தது பெரும்பாலும் கருத்துக்காக.

கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் 'நீதி'யின் இடத்துக்கு 'விழிப்புணர்வு' வந்திருக்கிறது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் துன்புறுத்தலிலிருந்து பிள்ளைகள் தம்மைக் காத்துக்கொள்வது பற்றிப் பேசியது. 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' என்ற சிறு நூல், பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டப்படும் கயிற்றைப் பேசுபொருளாக்கியது. முன்பு சிறார் இலக்கியம் வாய் திறக்காத விஷயங்கள் இவை. ஆசிரியர்களும் நூலகர்களும் இவற்றை வரவேற்றது சரியே.

ஆனால் பாராட்டு எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள். இந்நூல்களைப் பற்றி வரும் கருத்துகளில் பெரும்பகுதி "முக்கியமான பிரச்சினையை எடுத்துக்கொண்டிருக்கிறது" என்பதோடு முடிகிறது. படிக்கிற குழந்தைக்குப் பிரச்சினை முதலில் தெரிவதில்லை. அதற்கு முதலில் கிடைப்பது பேசும் மரப்பாச்சி பொம்மை. பொம்மை உயிரோடு பேசுகிறது என்று குழந்தை நம்பினால்தான் அது சொல்லும் ரகசியமும் காதில் ஏறும். கதை பிடித்ததா, எந்த இடத்தில் பயந்தார்கள், எங்கே சிரித்தார்கள் என்ற கேள்விகளுக்கு மதிப்புரைகளில் இடமில்லாததால், நல்ல கருவை மட்டும் வைத்துக்கொண்டு சரியாகக் கதை சொல்லாத நூல்களும் அதே பாராட்டைப் பெற்றுவிடுகின்றன. எழுதுகிறவர்களுக்கு இது நல்லதல்ல.

இரா. நடராசனின் 'ஆயிஷா' இன்னொரு வகை உதாரணம். கேள்வி கேட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு மாணவியின் கதை; தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு அவள் இறந்துபோகிறாள். பல மொழிகளுக்குப் போன இக்கதையை ஆசிரியர்கள் கண்ணீரோடு படித்து, தங்கள் வகுப்பறையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர்களுக்கு எழுதப்பட்ட கதையாகவே அதைக் கொள்ள வேண்டும். மாணவிகள் படிக்கும்போது அவர்களை உலுக்குவது அந்த மரணம். அதைப் பற்றிப் பேச ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே நூல் இரு வயதினருக்கு இரு வேறு நூலாக இருக்கிறது என்பதை நம் பரிந்துரைப் பட்டியல்கள் கணக்கில் எடுப்பதில்லை.

விருதுப் பட்டியல் காட்டுவதும் காட்டாததும்

சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் 2010-ல் தொடங்கியது. முதல் தமிழ் விருது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்கு. அடுத்த ஆண்டு ம.இலெ. தங்கப்பாவின் பாடல் நூல் 'சோளக்கொல்லைப் பொம்மை'. 2014-ல் இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்'. பழைய வேதாளம் அறிவியல் கேள்வி கேட்க வந்தது. 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. இன்றைய சிறுவன் கீழடிக் காலத்துக்குள் போகிறான். 2024-ல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. பாடல், அறிவியல், வரலாறு, மிகைப்புனைவு என்று வகைகள் விரிந்திருப்பதை இந்தப் பட்டியலே சொல்லும்.

இந்த விருதுகளால் நேர்ந்த நன்மை பெரிது. சிறார் எழுத்து இரண்டாம் தரம் என்ற எண்ணம் குறைந்தது. வானம் பதிப்பகம், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் போன்ற முயற்சிகளுக்கு வாசகர் கவனம் கிடைத்தது. பள்ளி நூலகம் எதை வாங்குவது என்று தடுமாறும்போது விருது ஒரு வழிகாட்டி.

ஆனால் இந்த விருதுக் குழுக்களில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த நூலைப் படிக்கும் வயதுள்ள ஒருவர்கூட இல்லை. மொழி வளத்தையும் கருவின் புதுமையையும் கட்டமைப்பையும் அவர்களால் நன்றாக மதிப்பிட முடியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் அத்தியாயம் நீளமாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவார்கள்?

மொழி பற்றிய கருத்துகளிலும் இதே இடைவெளி. தூய நடை வேண்டும் என்பார் ஒருவர். உரையாடலாவது பேச்சுத் தமிழில் இருக்கட்டும் என்பார் இன்னொருவர். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம். பெரிய எழுத்தும் சிறு வாக்கியமும் போதும் என்பார் மூன்றாமவர். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் இந்தச் சிக்கலுக்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டது. சிறு நூல்களை வகுப்பெண்ணால் பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனின் படிகளாகப் பிரித்தது. மேல் வகுப்புப் பிள்ளை எளிய நூலை எடுத்தாலும் அட்டையில் அதைச் சுட்டிக்காட்டும் எண் இல்லை. எந்த நடை பொருந்துகிறது என்பதை மேடையில் வாதிட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. பிள்ளை எதை எடுத்து எதை முடிக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

திரையில்: பிள்ளைகளைப் பற்றியா, பிள்ளைகளுக்காகவா?

திரைப்படத்துக்கு வந்தால் கருத்துக் குழப்பம் இன்னும் கூடுகிறது. 'நல்ல குழந்தைகள் படம்' என்று நாம் பட்டியலிடும் தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியைப் பற்றிய 'குட்டி' (2001). தகப்பனும் மகளும் கொண்ட பாசத்தையும் தனியார் பள்ளிக் கட்டணத்தின் வதையையும் சொன்ன 'தங்க மீன்கள்' (2013). குடிகாரத் தந்தையோடு வெயிலில் நடக்கும் சிறுவனைக் காட்டி 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்ற 'கூழாங்கல்'. வாழைத்தார் சுமக்கும் பள்ளிச் சிறுவர்களின் 'வாழை' (2024). நான்குமே சிறந்த படங்கள். ஆனால் இவை பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்களிடம் பேசும் படங்கள். பார்த்துவிட்டு வெட்கப்பட வேண்டியவர்கள், மாற வேண்டியவர்கள் பெரியவர்கள்.

பிள்ளைகளுக்காகவே எடுக்கும் படங்களுக்காக 1955-ல் இந்தியக் குழந்தைகள் திரைப்படக் கழகம் தொடங்கப்பட்டது. 2022-ல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அது எடுத்த படங்கள் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்தது குறைவு. அதனால் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்த்தது பெரிய நாயகர்களின் படங்களைத்தான். 1984-ல் முப்பரிமாணத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' போன்றவை எப்போதாவது வந்த திருவிழாக்கள்.

இரண்டு வகைக்கும் நடுவே நிற்பவை சில. பாண்டிராஜின் 'பசங்க' (2009) ஒரு கிராமப் பள்ளியின் இரு கோஷ்டிகளின் பகையைச் சொன்னது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதோடு, நடித்த சிறுவர்களுக்கும் விருது பெற்றுத் தந்தது. ம. மணிகண்டனின் 'காக்கா முட்டை' சிறந்த குழந்தைகள் படம் என்ற தேசிய விருது பெற்றது. 2015-ல் திரையரங்கிலும் நன்றாக ஓடியது. இந்தப் படத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பெரியவர் கருத்தும் பிள்ளைகள் கருத்தும் பிரியும் இடம் துலங்கும்.

கோழி முட்டை வாங்க வசதியில்லாத சகோதரர் இருவர் மரமேறிக் காக்கை முட்டை குடிக்கிறார்கள். அந்த மரம் வெட்டப்படுகிறது. விளையாடிய இடத்தில் பீட்சா கடை வருகிறது. பீட்சா விலை ஏறக்குறைய 300 ரூபாய். ரயில் பாதையில் சிதறும் நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்ததும் உடை சரியில்லை என்று உள்ளே விட மறுக்கிறார்கள். உடைக்கு ஒரு வழி கண்டுபிடித்துப் போனாலும் அடிதான் கிடைக்கிறது. இடையில் பாட்டி, விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துத் தோசைக்கல்லில் ஒரு பீட்சா சுட்டுத் தருகிறாள்.

இந்தப் படம் பற்றிப் பெரியவர்கள் எழுதியதில் உலகமயம், குடிசைப் பகுதி அரசியல், ஊடகத்தின் பரபரப்பு எல்லாம் இருக்கின்றன. அவை படத்தில் உள்ளவைதாம். பிள்ளைகள் பார்க்கும்போது படம் ஒரு கணக்காக ஓடுகிறது: எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும், அடுத்து என்ன வழி? நாயை விற்கலாமா என்று அண்ணனும் தம்பியும் யோசிக்கும் இடத்தில் சிரிக்கிறார்கள். அடி விழும் இடத்தில் அமைதியாகிறார்கள். கடைசியில் பீட்சாவைத் தின்றுவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை அவர்களுக்குப் பெரிய வெற்றி. ஆசைப்பட்ட பொருளைச் சுவைத்துப் பார்த்துத் தாமே தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்தச் சகோதரர்களுக்குக் கிடைத்துவிட்டது. பெரியவர்கள் ஏழ்மையைப் பார்க்கும் இடத்தில் பிள்ளைகள் சாமர்த்தியத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு பார்வையும் சேர்ந்தால்தான் அந்தப் படத்தின் முழு அருமை தெரியும்.

ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் இயக்கிய 'குரங்கு பெடல்' (2024) படத்துக்கும் இது பொருந்தும். வாடகை சைக்கிளின் கம்பிக்குள் காலை விட்டுப் பழகும் சிறுவனைப் பார்த்துப் பெரியவர்கள் 1980-களுக்குப் போனார்கள். வாடகை சைக்கிளையே பார்த்திராத இன்றைய பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போகும்? தன் உயரத்துக்கு மீறிய ஒன்றைக் கற்றே தீர வேண்டும் என்ற வெறியைப் பிடித்துக்கொண்டுதான். இதைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிய மதிப்புரைகள் வந்திருந்தால் அடுத்துப் படம் எடுப்பவருக்கு உதவியிருக்கும்.

தணிக்கைச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். 2023-ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏழு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே முத்திரை என்ற பழைய நிலைக்கு இது மேல். எந்த வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று பெற்றோர் முடிவெடுக்க உதவும். எது கூடாது என்பதை மட்டும் சொல்வது சான்றிதழின் வேலை. எது பிள்ளைக்கு நல்ல அனுபவம் என்று அதில் தேடக் கூடாது.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

பிள்ளைகளின் கருத்தைக் கேட்பது வெறும் நல்லெண்ணச் செயல் என்று நினைக்க வேண்டாம். பதிப்பு வரலாற்றையே அது மாற்றியிருக்கிறது. 1936-ல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், டோல்கீனின் 'ஹாபிட்' கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் படிக்கக் கொடுத்தார். சிறுவன் சிறிய அறிக்கை ஒன்றை எழுதித் தந்து ஒரு ஷில்லிங் கூலி பெற்றான். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றான். மறு ஆண்டே நூல் வெளிவந்தது. ஹாரி பாட்டரைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, புளூம்ஸ்பெரி பதிப்பகத் தலைவரின் எட்டு வயது மகள் முதல் பகுதியைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டது பதிப்பகத்தின் முடிவுக்குத் துணையானது.

இதை நிறுவனமாக்கியவர்களும் உண்டு. இத்தாலியின் சிற்றூரான ஜிஃபோனியில் 1971 முதல் நடக்கும் விழாவில் சிறுவர்களே நடுவர்கள். 1978-ல் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பெர்லின் திரைப்பட விழாவில் சிறுவர்கள் கொண்ட நடுவர் குழு கிறிஸ்டல் பேர் விருதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1970-களிலிருந்தே பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்து ஆண்டின் நூல்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடுகிறார்கள். படம் முடிந்ததும் மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைப்பது அத்திட்டத்தின் பகுதி. அதே ஆண்டில் ஊஞ்சல், தேன்சிட்டு என்ற இதழ்களையும் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியது. அம்புலிமாமாவும் கோகுலமும் சுட்டி விகடனும் அச்சில் நின்றுபோன பிறகு, பிள்ளைகளின் எழுத்து அச்சேறும் இடங்கள் மிகவும் குறைந்துவிட்டன. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் துளிர் போன்ற ஒன்றிரண்டே நிலைத்திருக்கின்றன. எனவே இந்தப் புதிய வாய்ப்புகள் விலைமதிப்பற்றவை.

ஆனால் கேட்கும் முறை சரியாக இல்லாவிட்டால் கிடைப்பதும் சரியாக இருக்காது. நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் "இக்கதையின் மூலம் நாம் அறிவது யாதெனில்" என்று எழுதப் பழகிவிடுகிறார்கள். 'உன் கருத்து என்ன?' என்று கேட்டால் ஆசிரியர் எதிர்பார்ப்பதைத் தருவார்கள், அல்லது "சூப்பர்" என்று முடித்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற அச்சமும் இருக்கும். ஆங்கிலச் சிறார் எழுத்தாளரும் ஆசிரியருமான எய்டன் சேம்பர்ஸ் இதற்காகவே எளிய கேள்விகள் நான்கை வகுத்தார். உனக்குப் பிடித்தது ஏதாவது இருந்ததா? பிடிக்காதது? புரியாமல் குழப்பியது? திரும்பத் திரும்ப வந்தது, ஒன்றோடொன்று பொருந்தியது எதையாவது கவனித்தாயா? இவற்றுக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. 'பிடிக்காதது எது' என்று ஆசிரியரே கேட்கும்போது, சொல்லலாம் என்ற தைரியம் வகுப்புக்கு வந்துவிடும்.

டோட்டோ-சான் நூலைத் தமிழாசிரியர்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று எல்லோரும் அறிவோம். தெத்சுகோ குரோயாநாகி 1981-ல் எழுதிய அந்த நினைவு நூலில், புதிய பள்ளிக்கு வந்த சிறுமி பேசுவதைத் தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். ஆசிரியர் கூட்டங்களில் அதிகம் எடுத்துச் சொல்லப்படும் இடம் அது. அந்த நூலையே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அவர்கள் கருத்தை நான்கு நிமிடம் கேட்போமானால், ரயில் பெட்டி வகுப்பறையைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். அங்கிருந்து பேச்சை வளர்த்தால் கல்வியைப் பற்றிய பல உண்மைகள் வெளிவரும்.

எல்லைகளும் கடமைகளும்

பிள்ளைகளின் விருப்பமே இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. தமக்குக் கிடைத்ததிலிருந்துதான் அவர்கள் தேர்ந்தெடுக்க முடியும். அடிதடி நாயகனை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை அவனையே கேட்கும். நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் நகைச்சுவைக்குச் சிரிக்கும். சாதியும் பால் பாகுபாடும் ஒளிந்திருக்கும் கதையில் அவற்றை அடையாளம் காணும் பயிற்சி அதற்கு இருக்காது. அங்கே பெரியவர்களின் பொறுப்பு குறையாது. எது உண்மை, எது பாதுகாப்பு, எது கண்ணியம் என்பதில் பெரியவர் தீர்ப்பு வேண்டும். எது விளங்குகிறது, எது சலிப்பு, எங்கே சிரிப்பு, எங்கே பயம், எந்தப் பக்கத்தில் நூல் கையை விட்டு நழுவுகிறது என்பதில் பிள்ளைகளின் தீர்ப்புக்கு மாற்றே கிடையாது.

இந்த வேலைக்குப் பெரிய செலவில்லை. பதிப்பகங்கள் ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியையும் அச்சுக்குப் போகும் முன் அந்த வயதுப் பிள்ளைகள் சிலரிடம் படிக்கக் கொடுக்கலாம். எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் குறித்து வாங்கலாம். பள்ளி நூலகங்கள் எந்த நூல் திரும்பத் திரும்ப எடுக்கப்படுகிறது என்ற பட்டியலை ஆண்டுக்கொரு முறை வெளியிடலாம். விருது தரும் அமைப்புகள் பெரியவர்களின் குழுவோடு பிள்ளைகளின் குழுவையும் அமைத்து, இரண்டு தேர்வுகளையும் அருகருகே அறிவிக்கலாம். மதிப்புரை எழுதுவோர் நூலை ஒரு பிள்ளையோடு சேர்ந்து படித்துவிட்டு எழுதலாம். அரசுப் பள்ளித் திரையிடல்களுக்குப் பின் மாணவர்கள் எழுதும் கருத்துகளை ஊஞ்சலும் தேன்சிட்டும் திருத்தாமல் வெளியிடலாம். பிடிக்கவில்லை என்று எழுதியவற்றையும் சேர்த்து.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு நூலைப் படித்து முடித்ததும் அதன் நீதி என்ன என்று கேட்காதீர்கள். பிடிக்காதது எது என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல, குறுக்கிடாமல் கேளுங்கள். தமிழில் நல்ல சிறார் நூல்களும் நல்ல சிறார் படங்களும் பெருக வேண்டுமானால், அவற்றைப் படிப்பவர்களும் பார்ப்பவர்களும் சொல்வது எழுதுபவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.